அக்காவின் நாவலுக்கு நான் சொன்ன கருத்து

மார்ச் 3, செவ்வாய்

நேற்று பார்த்த படம். இரண்டு ஆம்புலன்ஸ் டிரைவர்கள், ஒரே வண்டி. ஒருவருக்குப் பகல், மற்றவருக்கு இரவு. நேரில் சந்தித்துக்கொள்வதே இல்லை. முன்னால் தள்ளிவைத்த இருக்கையைப் பின்னால் தள்ளுவதும், விட்டுப்போன பிஸ்கட் பாக்கெட்டில் இரண்டை எடுத்துக்கொள்வதுமாகவே சண்டையும் சமாதானமும் நடக்கிறது. முதல் பாதி தங்கம். இரண்டாம் பாதியில் இருவரையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசவிட்டார்கள். அத்தோடு படம் படுத்துவிட்டது.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக் காட்சியில் கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரை தப்பு. எங்கள் பட்டறையில் மேலே அரை அடிக்கு வலைத்துணி வைத்துத்தான் தைப்போம், காற்று போய்வர. படத்தில் கூரையிலிருந்து தரைவரை ஒரே துணி. நோயாளி மூச்சுத் திணறியதற்கு இயக்குநர் வேறு காரணம் சொல்கிறார்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிவைக்கிற ஆள் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும். அவள் பார்த்தது, நான் பார்த்தது, அவள் படித்தது, நான் பாதியில் மூடியது. பதினைந்து வருஷப் பழக்கம். மூன்று ஞாயிறாக அவள் போனை எடுப்பதில்லை. என் மனைவி இருக்கிறாளே, இவளிடம் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே, “எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், நான் படத்தையே பாக்கல. ஒரு நோட்டு வாங்கி எழுதுங்க” என்கிறாள். வாங்கிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பட்டறையில் திரை மாட்டும் கம்பி வளையம் நாற்பது, சுவர்க் கொக்கி பன்னிரண்டு குறைகிறது. படம் எதுவும் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பதினொன்றுக்குப் போட்டேன். பதினொன்றரைக்கும் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது எனக்கு விளங்குகிறதா பார்ப்போம்.

ஜனவரியில் அக்கா ஒரு கட்டு கொடுத்தாள். சுருள் கம்பி போட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாவலாம். தலைப்புகூட வைக்கவில்லை. அவள் எழுதுவாள் என்பதே எனக்குத் தெரியாது. “எப்பவும் மத்தவங்களதுக்கு சொல்ற மாதிரியே சொல்லுடா. கூட்டிக் குறைக்க வேண்டாம்” என்றாள்.

கதை இதுதான். ஒரு கப்பல் கம்பெனி அலுவலகம். ஐம்பது வயதுப் பெண் அங்கே வேலை பார்க்கிறாள். ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடிவிடுகிறார்கள். அவள் வீட்டில் சொல்வதில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலப் புடவை கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். நூலகத்தில் உட்காருகிறாள், மதியக் காட்சிக்கு சினிமாவுக்குப் போகிறாள், ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறாள். ஆறு மாதம் இப்படி. முடிவு என்று ஒன்றும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் மறுபடி செருப்பை மாட்டுவதோடு நின்றுவிடுகிறது.

நான் பிப்ரவரி எட்டாம் தேதி போனில் சொன்னது, நினைவிருக்கிறபடி: நடை நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ப முடியவில்லை. எந்தப் பெண்ணாவது ஆறு மாதம் இப்படிச் செய்வாளா? ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, அதன் வெடிப்பில் ஒரு மரம் முளைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது ஜோடனை. உனக்கு நீ வேலை பார்க்கிற பயணச்சீட்டு அலுவலகம் தெரியும், கப்பலைப் பற்றி என்ன தெரியும்? கடைசியாக இன்னொன்றும் கேட்டேன். “அவ வீட்ல இருக்கறவங்க எல்லாம் குருடா?”

அக்கா, “இருக்கலாம்டா” என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

கருத்துக் கேட்டாள், சொன்னேன். இதில் என் தப்பு என்ன? என்னை “ஜட்ஜ் ஐயா” என்று கூப்பிடுகிறவளே அவள்தான். தீர்ப்பு தனக்கு என்றதும் கோபமா?

மார்ச் 12, வியாழன்

நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று. மின்தூக்கி பழுதுபார்க்கிறவர் எழுதிய அனுபவங்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வார்கள் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறார். நாமெல்லாம் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். யாரும் கத்துவதில்லையாம். தாங்கள் போக வேண்டிய மாடியின் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்துவார்களாம். அருமையான புத்தகம். ஒரே மூச்சில் முடித்தேன். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துவிட்டு, எடுத்த கையோடு வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

போன் போடவில்லை. ரோஷம் எனக்கும் உண்டு.

மார்ச் 19, வியாழன்

போட்டிருக்கலாம்.

நாளை ஒரு வாய்ப்பு. முதலாளி என்னை ரயிலடிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அளவெடுக்க அனுப்புகிறார். மூன்றாவது மாடியில் கண் ஆஸ்பத்திரி வரப்போகிறது, வெளிச்சம் புகாத துணி கேட்கிறார்கள். அதே மாடியில்தான் அக்காவின் அலுவலகம். எட்டிப்பார்த்து, “வேலையா வந்தேன்” என்று நின்றால் துரத்தவா போகிறாள்? எனக்கும் மானம் போகாது. இவளிடம் சொன்னேன். “போய்ப் பாருங்க. போன உடனே மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீங்க” என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் போனேன். மூன்றாவது மாடி முழுக்கக் காலி. மேசைகள் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகச் சதுரம் சதுரமாக இருந்தது. சுவரில் பிய்ந்த போஸ்டரின் நான்கு மூலை. தப்பான மாடிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக் கீழே இறங்கிக் காவலாளியைக் கேட்டேன். “டிக்கெட் ஆபீஸா சார்? அவங்க போன ஜூலையிலேயே காலி பண்ணிட்டாங்களே.” வேறு எங்கே போனார்கள் என்றேன். “எங்கேயும் போகல சார், மூடிட்டாங்க. அந்த அம்மாதான் கடைசியா சாவிய கொண்டுவந்து கொடுத்தாங்க. இருபத்திரண்டு வருஷமாம்.”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வேறு இடத்தில் சேர்ந்திருப்பாள், சொல்ல மறந்திருப்பாள் என்று என் புத்தி ஓடியது. மேலே வந்து அளவெடுக்க ஆரம்பித்தேன். பதினான்கு ஜன்னல். எட்டு முடித்தேன். ஒன்பதாவதுக்கு ஸ்டூலில் ஏறி நாடாவைப் பிடித்தபடி வெளியே பார்த்தால் எதிர்க் கட்டடத்து மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி. வெடிப்பில் ஓர் ஆள் உயரத்துக்கு மரம்.

இறங்கிவிட்டேன். ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன்.

அத்தானுக்குப் போன் போட்டேன். அவருக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மதிய ஷிஃப்ட், காலையில் வீட்டில்தான் இருப்பார். அக்கா எங்கே என்றேன். “எங்கே போவா, ஆபீஸ்தான். எட்டரைக்கே கிளம்பிட்டா மச்சான். ஏன், போன் எடுக்கலையா? வேலை நேரத்துல எடுக்க மாட்டா” என்றார். சரி அத்தான் என்று வைத்தேன்.

வீட்ல இருக்கறவங்க எல்லாம் குருடா. இதை நான் கேட்டேன். என் வாயால், அவளிடமே.

மீதி ஆறு ஜன்னலுக்கு என்ன அளவு எழுதினேன் என்று தெரியவில்லை. நாளைக்குப் போய்த் திரும்ப எடுக்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் அந்தக் கட்டை மறுபடி படித்தேன். முதல் தடவை பென்சிலோடு படித்திருக்கிறேன். ஓரத்தில் என் கையெழுத்து. “நம்பும்படி இல்லை.” “ஏன் சொல்லவில்லை? காரணம் போதாது.” ஓரிடத்தில் “இழுவை”. அது அவள் மழைநாளில் நூலகம் பூட்டியிருப்பதைப் பார்த்து, எதிர்ப் பேருந்து நிழற்குடையில் நாலு மணி நேரம் நிற்கிற இடம். இழுவையாம். நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

போன வருஷம் நான் கேலி செய்தது வேறு நினைவுக்கு வருகிறது. “எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே பாத்துடறியே, ஆபீஸ்ல வேலையே இல்லையா உனக்கு?” அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இவளிடம் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, “உங்ககிட்ட எதுக்குக் கொடுத்தாங்கன்னு யோசிச்சீங்களா?” என்றாள். நாவல் என்பதால் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 26, வியாழன்

அரைநாள் லீவு போட்டேன். பட்டறைத் தையல்காரர், “பல்லு வலியா?” என்றார். ஆமாம் என்றுவிட்டேன்.

நாவலில் அந்தப் பெண் வியாழக்கிழமை மதியக் காட்சிக்குப் பழைய திரையரங்குக்குத்தான் போவாள். கூட்டம் இருக்காது. வெளியேறும் கதவுக்குப் பக்கத்து வரிசையில், ஓர இருக்கையில் உட்காருவாள். போனேன். படம் ஆரம்பித்து இருட்டாக இருந்தது. கதவுப் பக்கம் ஓரத்தில் ஒரு தலை. கொண்டை தெரிந்தது. பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். இரட்டையர் மாறிப்போகிற படம். ஒருத்தன் போலீஸ், ஒருத்தன் சமையல்காரன். பத்துப் பேர் இருந்த அரங்கில் யாரோ ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இடைவேளையில் விளக்குப் போட்டதும், “எப்படா தெரிஞ்சுது?” என்றாள்.

“ஒன்பதாவது ஜன்னல். தொட்டி மேல மரம்.”

“அது ஜோடனைன்னு சொன்னியே.”

“சொன்னேன் அக்கா.”

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. சொல்ல வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது ஆளுக்குப் பொது இடத்தில் அழுகை வரும் என்று எனக்குத் தெரியாது.

அவளே பேசினாள். “நீ சொன்னது தப்பில்லடா. எனக்கே நம்ப முடியலதான். மூடின அன்னிக்கே சொல்லிடணும்னுதான் வீட்டுக்குப் போனேன். அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தப்போ ரொம்ப அலுப்பா இருந்தார். காலையில சொல்லிக்கலாம்னு விட்டேன். காலையில குளிச்சேன், புடவை கட்டினேன், கிளம்பிட்டேன். படி இறங்கினப்புறம்தான் எங்கே போறோம்னு யோசிச்சேன். அடுத்த நாள் இன்னும் கஷ்டமாயிடுச்சு. நேத்து ஏன் சொல்லலன்னு கேப்பாரே. அப்படியே போயிடுச்சு.” அலுவலகத்தில் கடைசியாகக் கொடுத்த தொகையைச் சம்பளம் மாதிரி மாதாமாதம் பிரித்து வீட்டில் கொடுத்திருக்கிறாள். அதுவும் ஜூன் வரைதான் வரும்.

நான் கேட்டேன். “எங்கிட்ட ஏன் புக்கா கொடுத்த? நேரா சொல்லியிருக்கலாமே.”

“நேரா சொல்ல வந்திருந்தா அவர்கிட்டயே சொல்லியிருப்பேனே. நீ கர்ட்டன்ல ரெண்டு இஞ்ச் குறைஞ்சாலே கண்டுபிடிக்கிறவன். படிச்சதும் பிடிச்சிடுவே, ‘அக்கா, இது நீயா?’ன்னு கேப்பேன்னு நினைச்சேன். கேட்டா, ஆமான்னு ஒரு வார்த்தைதானே. அதைச் சொல்லத் தயாரா உக்காந்திருந்தேன் அன்னிக்கு.”

விளக்கு அணைந்தது. மீதிப் படத்தையும் பார்த்தோம். வேறு என்ன செய்வது? படம் குப்பை. ஐந்து மணிவரை எங்காவது உட்கார வேண்டியிருக்கிறதே.

மார்ச் 29, ஞாயிறு

பதினொன்றுக்கு அக்காவே போன் போட்டாள். அத்தானிடம் நான் பேசட்டுமா என்றேன். “வேண்டாம். என் வாயால சொல்றதுதான் முறை. சொல்ல வரலயே, என்ன பண்ண?” என்றாள். பிறகு, “அவருக்கும் அதையே கொடுத்துடவா?” என்றாள்.

அத்தான் புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. பேப்பரில் விளையாட்டுப் பக்கம் படிப்பார், அதுவும் வரிக்கு அடியில் விரல் வைத்து. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் அவருக்கு இமயமலை. இதைச் சொன்னேன். “நானும் அதைத்தான் யோசிக்கிறேன். அவர் முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தைரியம் வந்துடும்” என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

கொடுத்துவிட்டாள். ஓரத்தில் என் பென்சில் இல்லாத இன்னொரு பிரதி. “நீயா எழுதினே?” என்று அத்தான் கேட்டு, துண்டால் மேசையைத் துடைத்துவிட்டு அதை வைத்தாராம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வேலைக்கு எடுத்துப்போய் பம்ப் ஓடுகிற நேரத்தில் படிக்கிறாராம். என்ன சொல்கிறார் என்றால், “நல்லா இருக்கு” என்கிறார். அவ்வளவே. அடையாளத்துக்குப் பழைய மின்கட்டண ரசீதை வைத்திருக்கிறார். அக்கா தினமும் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாள். இன்று 58. பார்த்துவிட்டு அவளும் எட்டரைக்குக் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

58ஆம் பக்கத்தில் அவள் யார் என்று புரிந்திருக்க வேண்டாமா? எனக்குப் புரியவில்லையே, அவரைச் சொல்ல நான் யார்?

ஏப்ரல் 9, வியாழன்

117.

ஏப்ரல் 12, ஞாயிறு

140. இரண்டு வாரமாக நான் ஒரு புத்தகமும் தொடவில்லை, ஒரு படமும் பார்க்கவில்லை. அத்தான் படிப்பதுதான் எனக்கும் படிப்பு. கோபப்படுவாரா? அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எட்டு ஒன்பது மாதம் ஒரு மனுஷனிடம் பொய் சொன்னது சின்ன விஷயமா? முப்பது வருஷக் குடித்தனம். அக்கா குரல் சின்னதாகிவிட்டது. “தைரியம் வரலடா, இன்னும் எழுபது பக்கம்தான் இருக்கு” என்றாள்.

ஏப்ரல் 16, வியாழன்

198. நாளைக்கு முடித்துவிடுவார் என்கிறாள். அல்லது இன்றைக்கே, ஷிஃப்டில். கண் ஆஸ்பத்திரித் திரைகளைத் தொங்கவிட்டு வந்தோம். ஒன்பதாவது ஜன்னலை நானே மாட்டினேன்.

ஏப்ரல் 18, சனி

மதியம் அக்கா பட்டறைக்கே வந்தாள். இதுவரை வந்ததில்லை. தையல்காரர் எழுந்து தன் ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, டீ சொல்லப் போகிறேன் என்று வெளியே போனார். துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அக்கா சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நேற்று காலை அவள் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது அத்தான் அந்தக் கட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாராம். “முடிச்சுட்டேன்.”

ஒரு காலில் செருப்போடு அக்கா கேட்டாளாம், “எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. இந்தப் பொம்பளை ஆறு மாசம் ஊரெல்லாம் சுத்தறா. ஒரு வேளையாவது சாப்பிட்டாளான்னு எங்கேயும் வரல. நான் தினம் கட்டிக் கொடுத்தேனே, அதை என்ன பண்ணே?”

எனக்கு அப்போதுதான் தெரியும், காலையில் அவளுக்குச் சாப்பாடு கட்டுவது அத்தான் என்று. மதிய ஷிஃப்ட் வந்த நாளிலிருந்து அவர்தானாம். நான் இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெண் சாப்பிடவே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை.

“சாப்பிட்டேன்” என்றாளாம் அக்கா. “பார்க்குல உக்காந்து. ஒரு நாள்கூட மிச்சம் வெக்கல. அதை மட்டும் எழுத வரல எனக்கு.” சொன்னதும் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

“பன்னெண்டாம் பக்கம்.”

பன்னிரண்டாம் பக்கம் என்றால் இரண்டாம் நாள். அதற்குப் பிறகும் தினமும் காலையில் எழுந்து, சமைத்து, டப்பாவில் போட்டு மூடி, கையில் கொடுத்து, “பாத்துப் போ” என்று வாசல்வரை வந்திருக்கிறார்.

“அப்பவே ஏன் கேக்கல?” என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

“நீ முழுசா எழுதித்தானே கொடுத்தே. முழுசா படிக்காம என்னன்னு கேக்கறது?” என்றாராம்.

பிறகு, “இன்னிக்கு எங்கே போகப் போறே?” என்று கேட்டாராம். தெரியவில்லை என்றிருக்கிறாள். அவர் அவள் பையைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தார். உள்ளே போய் இரண்டு தட்டு கொண்டுவந்தார். காலை எட்டரை மணிக்கு, மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.